ஸ்வேத்லிங் கோப்பை யாருக்குப் போகிறது: மூன்றாவது ஆட்டக்காரரை முன்வைத்து ஒரு பதில்

மேசைப்பந்தாட்டத்தில் ஒற்றையர் உலகப் பட்டமும் ஒலிம்பிக் பதக்கமும் இருக்கும்போது உலகப் போட்டியில் ஆடவர் அணிகளுக்கென்று ஸ்வேத்லிங் கோப்பை என்று தனியே ஒன்று எதற்கு, உலகத்தரம் வாய்ந்த ஒருவர் அணியில் இருந்தால் போதாதா, எப்படி ஆடினாலும் கடைசியில் சீனாதானே வெல்கிறது என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. நடுக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் அதிலேயே விடை இருக்கிறது. ஒருவர் போதாது; அநேகமாக இருவரும் போதாது. இந்தக் கோப்பையின் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரைப் பெற்றிருந்த நாட்டைவிட, நம்பத்தகுந்த மூன்றாவது ஆட்டக்காரரைக் கண்டெடுத்த நாடே அதைக் கொண்டுபோயிருக்கிறது.

முதலில் ஆட்ட முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற யாவும் அதன்மேல்தான் நிற்கின்றன. இப்போதைய முறையில் ஒரு மோதலில் ஒவ்வோர் அணியிலும் மூவர் ஆடுவார்கள். அதிகபட்சம் ஐந்து ஒற்றையர் ஆட்டங்கள். மூன்றை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. ஒலிம்பிக் அணிப் போட்டியில் இருப்பதுபோல இங்கே இரட்டையர் ஆட்டம் கிடையாது. நாணயச் சுண்டலுக்குப் பிறகு ஓர் அணி ஏ, பி, சி என்றும் மற்றது எக்ஸ், ஒய், இசட் என்றும் பெயர் வரிசை கொடுக்கும். எதிரணி யாரை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பது கொடுக்கும் நேரத்தில் தெரியாது. ஆட்டங்களின் வரிசை ஏ-எக்ஸ், பி-ஒய், சி-இசட், ஏ-ஒய், பி-எக்ஸ். ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் இரண்டு முறை ஆட, மூன்றாமவர் ஒரே ஒரு முறை, அதுவும் எதிரணியின் மூன்றாமவரோடு மட்டும் ஆடுகிறார். உலகின் முதல்நிலை வீரரே உங்களிடம் இருந்தாலும் அவரால் தர முடிந்தது இரண்டு வெற்றிகள். மூன்றாவதை வேறொருவர் கொண்டுவர வேண்டும்.

பழைய முறை இன்னும் கடுமையானது. போட்டி தொடங்கிய காலத்திலிருந்து 1980களின் இறுதிவரை மூவரும் எதிரணியின் மூவரோடும் ஆடினார்கள். மொத்தம் ஒன்பது ஆட்டங்கள், ஐந்து வென்றால் வெற்றி. அதில் பலவீனமான ஒருவரை ஒளித்துவைக்க இடமே இல்லை. அவர் மூன்று முறை மேசைக்கு வந்தே ஆக வேண்டும். இன்றைய முறையில் அவரை மூன்றாம் இடத்தில் நிறுத்தி ஒரே தோல்வியோடு தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் அந்தத் தப்பித்தலுக்கும் விலை உண்டு: மூன்றாம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்த அணி, மீதமுள்ள நான்கில் மூன்றை வென்றாக வேண்டும், அந்த நான்கும் எதிரணியின் மிகச் சிறந்த இருவரோடு. தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலிரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு மூன்றாவதில் தேநீருக்கு எழுந்து போவதைக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் மோதலின் திசை பெரும்பாலும் தீர்மானமாகிறது.

இனி வரலாறு. 1926ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் முதல் போட்டி நடந்தது. சர்வதேச மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பு அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதன் முதல் தலைவரான ஐவர் மாண்டேகு பிரபு குடும்பத்தில் பிறந்த பொதுவுடைமைவாதி; திரைப்படத் துறையிலும் இருந்தவர்; 1967 வரை, அதாவது நாற்பதாண்டுகளுக்கு மேல், அந்தப் பதவியில் நீடித்தார். ஆடவர் அணிகளுக்கான கோப்பையை வழங்கியவர் அவருடைய தாயார் ஸ்வேத்லிங் சீமாட்டி. பிள்ளையின் ஆர்வத்துக்குத் தாய் வாங்கிக் கொடுத்த வெள்ளிக் கோப்பை என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் போட்டியை ஐரோப்பியப் போட்டி என்றே முதலில் எண்ணியிருந்தார்கள். இங்கிலாந்தில் இருந்த இந்தியர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து கலந்துகொண்டதால் அந்தப் பெயர் பொருந்தாமல் போய், அது உலகப் போட்டியாயிற்று. டென்னிஸிலும் பெயர் பெற்ற ஃபைஸி சகோதரர்கள் அந்த அணியில் ஆடினார்கள், எஸ். ஆர். ஜி. சுப்பையா என்று, நம் காதுக்குப் பழக்கமான ஒரு பெயரும் அதன் பட்டியலில் இருக்கிறது. ஹங்கேரி முதலிடமும் ஆஸ்திரியா இரண்டாமிடமும் பெற, இங்கிலாந்தோடு இந்தியாவும் மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டது. உலகப் போட்டி என்ற பெயருக்கே காரணமான ஒரு நாடு அதன் பிறகு அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை என்பது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1957 வரை போர்க்காலம் நீங்கலாக ஏறத்தாழ ஆண்டுதோறும் போட்டி நடந்தது. பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. முதல் பத்தாண்டு ஹங்கேரியின் காலம். 1926 முதல் 1938 வரை அந்நாடு ஒன்பது முறை வென்றது. விக்டர் பார்னா என்ற பெயரே இன்று நினைவில் நிற்கிறது; ஒற்றையர் பட்டத்தை ஐந்து முறை வென்றவர் அவர். ஆனால் பார்னாவுக்குப் பக்கத்தில் சபாடோஸ், கெலென், பெல்லாக் ஆகியோர் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களில் எவரை மூன்றாமவராக நிறுத்தினாலும் வேறு நாடாக இருந்தால் அவர் முதலாமவர்.

1936ஆம் ஆண்டு பிராகில் நடந்த போட்டியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அன்றைய மட்டைகளில் ஸ்பாஞ்சு இல்லை. புள்ளியிட்ட சாதாரண ரப்பர் மட்டுமே. வலை இன்றைக்கு இருப்பதைவிட உயரம். தாக்குவதால் லாபம் குறைவு, தவறு செய்யாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால் லாபம் அதிகம் என்ற நிலை. போலந்தின் அலோய்சி எர்லிக்கும் ருமேனியாவின் ஃபர்காஸ் பானெத்தும் ஸ்வேத்லிங் கோப்பை மோதலில் எதிரெதிரே வந்தபோது இருவருமே தாக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். ஆட்டத்தின் முதல் புள்ளி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பந்தை இடமும் வலமுமாகப் பார்த்துப் பார்த்து நடுவரின் கழுத்து பிடித்துக்கொண்டதாகவும் அவரை மாற்ற வேண்டியதாயிற்று என்றும் சொல்வதுண்டு. அந்தப் பகுதியை எவ்வளவு நம்புவது என்பதை வாசிப்பவர்களிடமே விடுகிறேன். அந்தப் போட்டியின் விளைவாக வலையின் உயரம் ஆறே முக்கால் அங்குலத்திலிருந்து ஆறு அங்குலமாகக் குறைக்கப்பட்டது. இழுத்தடிக்கும் ஆட்டங்களை விரைவுபடுத்த நேர விதியும் வந்தது. ஒன்பது ஆட்ட முறையில் இத்தகைய ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடந்த அவ்வாண்டின் முடிவு மோதல் ஒரே நாளில் முடியவில்லை. அதில் வென்ற ஆஸ்திரியாவுக்கு அதுவே முதலும் கடைசியுமான வெற்றி.

அந்த ஆஸ்திரிய அணியில் ரிச்சர்ட் பெர்க்மன் என்ற பதினாறு பதினேழு வயது இளைஞர் இருந்தார். யூதரான அவர், 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும் இங்கிலாந்துக்குப் போனார். 1953இல் புக்காரெஸ்டில் இங்கிலாந்து ஸ்வேத்லிங் கோப்பையை வென்றபோது, அந்த அணியில் ஜானி லீச், ஆப்ரி சைமன்ஸ் ஆகியோரோடு பெர்க்மனும் இருந்தார். கோப்பையைக் கொடுத்த நாடு அதை வென்றது அந்த ஒரே முறைதான். அதுவும் வியன்னாவிலிருந்து வந்த ஓர் அகதியின் துணையோடு. எர்லிக்கோ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைபட்டு உயிர் மீண்டவர். இந்த ஆட்டத்தின் மத்திய ஐரோப்பியத் தலைமுறை பெருமளவு யூத இளைஞர்களால் ஆனது. போருக்குப் பின் அந்தத் தலைமுறையின் தொடர்ச்சி அறுந்துபோனதற்கும் ஆட்டத்தின் மையம் கிழக்கே நகர்ந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து.

கிழக்கே நகர்ந்தது எங்கே வெளிப்பட்டது என்று கேட்டால், நம் பம்பாயில். 1952இல் ஆசியாவில் முதன்முதலாக உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாதோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து மட்டையில் படும் ஓசையைக் கேட்டே அதன் வேகத்தைக் கணித்துப் பழகிய ஐரோப்பியர்களுக்கு அந்த ஓசையே கேட்கவில்லை. ஒற்றையர் பட்டம் சாதோவுக்குப் போயிற்று. ஆனால் ஸ்வேத்லிங் கோப்பை ஹங்கேரிக்கே சென்றது என்பதைக் கவனியுங்கள். புதிய மட்டையால் ஒருவர் உலகை வியப்பில் ஆழ்த்தலாம். அணியை வெல்லவைக்க அந்த மட்டை இன்னும் இருவரின் கையிலும் பழக வேண்டும். ஜப்பானுக்கு அதற்கு இரண்டாண்டுகள் பிடித்தன. 1954இல் லண்டனில் இச்சிரோ ஒகிமுராவின் தலைமுறை கோப்பையை எடுத்தது. தொடர்ந்து ஐந்து முறை, 1959 வரை, ஜப்பான் அதை விடவில்லை.

சீனாவின் முறை 1961இல் வந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஹாங்காங்கிலிருந்து வந்த ரோங் குவோதுவான் டார்ட்மண்டில் ஒற்றையர் பட்டம் வென்று, எந்த விளையாட்டிலும் சீனாவின் முதல் உலக வாகையர் ஆகியிருந்தார். 1961 போட்டியை நடத்தும் வாய்ப்பு பீஜிங்குக்குக் கிடைத்தது. பதினைந்தாயிரம் பேர் அமரக்கூடிய தொழிலாளர் உள்ளரங்கம் அதற்கென்றே கட்டப்பட்டது. நாடு கடும் பஞ்சத்தில் இருந்த காலம் அது. இறுதி மோதலில் எதிரே ஜப்பான்: ஒகிமுரா, ஹோஷினோ, கிமுரா. சீனத் தரப்பில் ரோங், இருபது வயதே ஆன ஜுவாங் செடோங், ஷு யின்ஷெங். ஹோஷினோ மேசையை விட்டு வெகுதூரம் பின்வாங்கி உயரத் தூக்கிய பந்துகளை ஷு அடுத்தடுத்துப் பன்னிரண்டு முறை ஓங்கி அடித்து ஒரு புள்ளியை வென்றது சீனாவில் இன்றும் தனிப்பெயரோடு நினைவுகூரப்படுகிறது. ஜுவாங் தம் இரண்டு ஆட்டங்களையும் வென்றார். நாட்டின் நட்சத்திரமான ரோங்கோ தம் முதலிரண்டு ஆட்டங்களிலும் தோற்றுப்போனார். 4-3 என்ற நிலையில் எட்டாவது ஆட்டத்துக்கு அவர் மீண்டும் வந்து ஹோஷினோவை வென்றபோது மோதல் 5-3 என்று முடிந்தது. வாழ்க்கையில் எத்தனை முறைதான் இப்படிப் போராட வாய்க்கும் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வாசகம் அந்நாட்டில் வழங்குகிறது. உலக வாகையர் மூன்றில் இரண்டைத் தோற்றும் அணி வென்ற மோதல் அது. அன்று ரோங் ஒருவரையே நம்பியிருந்தால் கோப்பை டோக்கியோவுக்குப் போயிருக்கும்.

1961, 1963, 1965 என மூன்று முறை தொடர்ந்து வென்ற சீனா அடுத்த இரு போட்டிகளுக்கு வரவே இல்லை. கலாச்சாரப் புரட்சி. 1968இல் ரோங் குவோதுவான், பயிற்சியாளர் ஃபு சிஃபாங், ஜியாங் யோங்னிங் ஆகிய மூவரும், மூவருமே ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள், ஒற்றர்கள் என்று பழிசுமத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட நிலையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சீனாவின் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிச் செல்வது வழக்கம். இடையில் 1967, 1969 கோப்பைகள் ஜப்பானுக்குப் போயின. 1969க்குப் பிறகு ஜப்பான் இதுவரை அதை வெல்லவில்லை.

1971இல் நகோயாவுக்குச் சீனா திரும்பி வந்து கோப்பையை மீட்டது. அந்தப் போட்டியை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: அமெரிக்க ஆட்டக்காரர் கிளென் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறியதும், ஜுவாங் செடோங் எழுந்து வந்து அவருக்குப் பட்டுத்துணியில் நெய்த மலைக்காட்சியைப் பரிசளித்ததும், அதைத் தொடர்ந்து அமெரிக்க அணி சீனாவுக்கு அழைக்கப்பட்டதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இங்கே அதை விரித்தால் பேச்சு திசைமாறிவிடும்.

சீனா தோற்ற ஆண்டுகளே இந்தக் கேள்விக்கு அதிகம் கற்பிப்பவை. 1973இல் சரயேவோவில் ஸ்வீடன் வென்றது. ஸ்டெல்லான் பெங்க்ட்சன் அதற்கு இரண்டாண்டு முன்பே ஒற்றையர் வாகையர். உடன் செல் யோஹான்சனும் ஆண்டர்ஸ் யோஹான்சனும். ஜப்பானின் ஒகிமுரா ஸ்வீடனுக்குச் சென்று பயிற்சி அளித்தவர் என்பதையும், பெங்க்ட்சன் ஜப்பானில் பயின்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜப்பானிய வித்தை ஐரோப்பா வழியாகச் சுற்றிவந்து சீனாவை வீழ்த்தியது எனலாம். 1979இல் பியோங்யாங்கில் ஹங்கேரியின் யோன்யெர், கெர்கெய், கிளாம்பார் மூவரும் சீனாவை 5-1 என்று நொறுக்கினார்கள். மேசையை விட்டு விலகி நின்று இரு பக்கமும் கனத்த மேல்சுழலோடு பந்தை இழுக்கும் மூவர்; மேசையோரம் நின்று விரைவாகத் தட்டும் சீனர்களுக்கு மூவரில் எவரிடமும் மூச்சுவிட இடம் கிடைக்கவில்லை. ஹங்கேரிக்கு அது பன்னிரண்டாவது கோப்பை, இதுவரை கடைசியும்கூட.

ஸ்வீடனின் பொற்காலத்தை இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1983, 1985, 1987 ஆகிய மூன்று இறுதிகளிலும், கடைசியது நம் தில்லியில், ஸ்வீடன் சீனாவிடம் தோற்றது. யான்-ஓவே வால்ட்னர் சிறுவனாக இருந்தபோதே சீனாவுக்கு அனுப்பப்பட்டுப் பயின்றவர். சீனர்கள் இன்றும் அவரை ஒரு செல்லப் பெயரால் அழைக்கிறார்கள். தோல்விகளின் ஊடே அந்த அணி கண்டுகொண்டது இதுதான்: பேனாவைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்து வலது முன்கை வீச்சை மட்டும் நம்பும் சீன முறைக்கு, மட்டையின் மறுபக்கம், அதாவது பின்கைப் பக்கம், திறந்துகிடக்கிறது. கைகுலுக்குவதுபோல மட்டையைப் பிடிக்கும் வால்ட்னர், யோர்கன் பெர்சன், மிகேல் அப்பெல்கிரன் மூவரும் இரு பக்கமும் சமமாகத் தாக்கவல்லவர்கள். 1989இல் டார்ட்மண்டில் சீனாவை 5-0 என்று வென்றார்கள். 1991இல் சிபாவில் சீனா ஏழாமிடத்துக்குச் சரிந்தது. 1993இல் சொந்த ஊரான கோதன்பர்க்கில் ஸ்வீடன் மீண்டும் வென்றது. அன்று ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த ஒரு நாடு மூன்று முறை தொடர்ந்து உலக அணியாக இருந்தது என்பதைச் சீனா எப்போதும் வெல்கிறது என்று சொல்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

சீனா அதற்கு அளித்த பதில் அலட்சியமானது அன்று. அங்கும் கைகுலுக்குப் பிடியில் ஆடுபவர்கள் முன்னுக்கு வந்தார்கள். கோங் லிங்ஹுய் அவர்களில் தலைசிறந்தவர். பேனாப்பிடியைக் கைவிடாத லியூ குவோலியாங் மட்டையின் பின்புறத்திலும் ரப்பர் ஒட்டி, பின்கைப் பக்கம் வரும் பந்தை அதனால் தாக்கும் முறையை உயர்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் 1995இல் தியன்ஜின் இறுதியில் ஸ்வீடனை 3-2 என்று வென்றபோது பயிற்சியாளர் சாய் ஜென்ஹுவா எடுத்த மிகத் துணிச்சலான முடிவு மூன்றாம் இடத்தைப் பற்றியது. அந்த இடத்தில் டிங் சோங் என்ற, மேசையிலிருந்து விலகி நின்று பந்தை வெட்டி அனுப்பும் தற்காப்பு ஆட்டக்காரரை நிறுத்தினார். வெட்டி ஆடிக்கொண்டே இருப்பவர் திடீரென முன்னால் பாய்ந்து தாக்குவார். அத்தகைய ஆட்டம் ஸ்வீடனுக்குப் பழக்கமில்லாதது. டிங் தம் ஆட்டத்தை வென்றார்.

2000ஆம் ஆண்டு கோலாலம்பூர் இறுதி, என்னைக் கேட்டால், இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக அழகியது. வால்ட்னருக்கும் பெர்சனுக்கும் வயது முப்பதைக் கடந்துவிட்டது. எதிரே கோங்கும் லியூ குவோலியாங்கும் ஆட்டத்தின் உச்சியில். இருவருக்கு இருவர் என்றால் தராசு சீனப் பக்கம் தாழ்ந்தது. ஆனால் ஸ்வீடனின் மூன்றாமவரான பீட்டர் கார்ல்சன் அனுபவம் மிக்கவர்; சீனாவின் மூன்றாமவரான லியூ குவோசெங் இளைஞர். ஸ்வீடன் 3-2 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஒசாகா அரையிறுதியில் தென்கொரியாவோடு 2-2 என்ற நிலையில் ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தவர் அதே லியூ குவோசெங். கிம் தேக்-சூ ஏழு முறை வெற்றிப் புள்ளியில் நின்றார். ஏழையும் லியூ காப்பாற்றி ஆட்டத்தை வென்றார். அன்று தொடங்கிய சீனாவின் தொடர் வெற்றி, 2024இல் பூசானில் பிரான்சை 3-0 என வென்றது வரை, பதினொரு கோப்பைகளாக நீண்டது. அதுவரை மொத்தம் இருபத்து மூன்று. அந்த ஏழு புள்ளிகளில் ஒன்று தவறியிருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இப்போது சீனா ஏன் வெல்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். மக்கள்தொகை, மாகாண விளையாட்டுப் பள்ளிகள், சிறு வயதிலேயே தேர்ந்தெடுத்தல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சரியானவையே. அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பாணியையும் அச்சுப் பிசகாமல் ஆடிக்காட்டுவதற்கென்றே தேசிய முகாமில் பயிற்சித் துணைவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஆயினும் இவை அனைத்தின் பயனும் ஒரே இடத்தில் வெளிப்படுகிறது: மற்ற நாடுகளில் முதல் ஆட்டக்காரருக்கும் மூன்றாமவருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கும், சீனாவில் அந்தப் பள்ளம் இல்லை.

இதற்கு 2022இல் செங்டுவில் நடந்த அரையிறுதியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எதிரே ஜப்பான். தோமோகாசு ஹரிமோட்டோ அன்று வாங் சூசினையும், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஃபான் ஜெண்டோங்கையும் வென்றார். ஒரே நாளில், சீன மண்ணில், அந்த இருவரையும் வென்றவர் அரிதினும் அரிது. இருந்தும் ஜப்பான் 3-2 என்று தோற்றது. ஹரிமோட்டோவால் ஆட முடிந்த இரண்டையும் அவர் வென்றுவிட்டார்; மற்ற மூன்றில் ஒன்றைக்கூட அவருடைய துணைவர்களால் எடுக்க முடியவில்லை. அன்று சீனாவின் மூன்றாம் இடத்தில் நின்றவர் யார் தெரியுமா? ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தை இருமுறை வென்ற மா லாங். உலக வரலாற்றின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுபவரை, ஒரே ஆட்டம் ஆடும் இடத்தில் நிறுத்த முடிகிற நாட்டை வெல்ல, எதிரணியிடம் ஒரு ஹரிமோட்டோ இருந்தால் போதாது. டிமோ போல், திமித்ரி ஒவ்ட்சரோவ் போன்றவர்களைப் பெற்ற ஜெர்மனி 2004 முதல் ஆறு முறை இறுதிக்கு வந்தும் ஒருமுறையும் கோப்பையைத் தொடாததும் இதனால்தான்.

சீனாவுக்கும் நடுக்கம் உண்டு. பூசான் அரையிறுதியில் தென்கொரியா அதை 3-2 வரை இழுத்துச் சென்றது. பிரான்சின் அலெக்சிஸ், ஃபெலிக்ஸ் லெப்ருன் சகோதரர்கள் இருபதையொட்டிய வயதிலேயே அந்நாட்டை 1997க்குப் பிறகு முதன்முறையாக இறுதிக்குக் கொண்டுவந்தார்கள். இருவர் கிடைத்துவிட்டார்கள், மூன்றாமவர் அந்த அளவுக்கு உயரும் நாளில் அந்த அணியைத் தடுப்பது கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவைப் பற்றி முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். பம்பாய், கல்கத்தா, தில்லி என மூன்று நகரங்களில் உலகப் போட்டியை நடத்திய நாடு, ஆட்டத்தில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. மாற்றம் அண்மைக்காலத்தது, அதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. சரத் கமல் ஏறத்தாழ இருபதாண்டுகள் அணியைத் தோளில் சுமந்தார். அவருடைய தனித்திறனில் எந்தக் குறையும் இல்லாத ஆண்டுகளிலும் இந்திய அணி உலகப் போட்டியில் மேலே வரவில்லை. சத்தியனும் ஹர்மீத் தேசாயும் அந்தோணி அமல்ராஜும் அவரோடு சேர்ந்த பிறகே நிலைமை மாறியது. 2018இல் ஹால்ம்ஸ்டாட் உலகப் போட்டியில் இந்திய ஆடவர் பதின்மூன்றாம் இடம் பெற்றார்கள். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை 3-1 என வென்று, மேசைப்பந்தாட்டத்தில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுப் பதக்கமாக அணி வெண்கலத்தைக் கொண்டுவந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணிப் போட்டிக்கு இந்திய ஆடவர் முதன்முறையாகத் தகுதி பெற்றதும் அணித் தரவரிசையின் வழியாகவே; அங்கே முதல் சுற்றிலேயே சீனா எதிர்ப்பட, 0-3 என்று வெளியேறினார்கள்.

2019இல் யோக்யகர்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின் அணி ஆட்டத்தில் சத்தியன் இதே ஹரிமோட்டோவை நேர் செட்களில் வென்றார். நம் நாளிதழ்கள் அதைக் கொண்டாடியது நியாயமே. அந்த மோதலில் இந்தியா ஜப்பானிடம் 1-3 என்று தோற்றது என்ற செய்தி அதே பத்தியின் கடைசி வரியில் இருந்தது.